காய்ச்சல் வந்தால் பிழைத்தோம்

ஸ்கூடாய் ஏழைக்குத் திட்டப் பஞ்சம் கிடையாது. மருந்துக்குத்தான் பஞ்சம்.

2019இல் பெக்கா பி40 என்ற திட்டம் வந்தது. இப்போது நாற்பது வயதைத் தொட்ட ஏழைக்கு இலவசப் பரிசோதனை. ரத்தம் எடுத்து, "உங்களுக்கு இனிப்பு நீர்" என்று சொல்லிவிடுவார்கள். சொல்வதோடு சரி. அன்றாடம் விழுங்கும் மாத்திரை அதில் சேராது.

2023இல் மடானி மருத்துவத் திட்டம். முதலில் எடுத்த பத்து மாவட்டங்களில் ஜொகூர் பாருவும் ஒன்று, ஸ்கூடாய்க்கு யோகம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 250 வெள்ளி. காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்றால் தனியார் டாக்டர் பார்ப்பார். இனிப்பு நீரா, ரத்தக் கொதிப்பா? போய் வாருங்கள். ஒரு வாரத்தில் தானே இறங்கும் காய்ச்சலுக்கு அரசாங்கம் பணம் கட்டும். சாகும்வரை கூட வரும் நோய்க்கு நம்பர் எடுத்து உட்காரச் சொல்லும்.

உட்காருவோம். சர்க்கார் கிளினிக்கில் மருந்தும் சேர்த்து ஒரு வெள்ளிதான். நல்ல விலை, மறுக்கவில்லை. ஆனால் மருந்தை மாதாமாதம் போய் வாங்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65. ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்பவருக்கு அந்த மருந்து 66 வெள்ளி. இந்தக் கணக்கை எந்த அமைச்சரும் பதாகையில் அச்சடிக்கவில்லை. தபாலில் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், தபால் செலவு நம்முடையது.

"ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற நாளில்தான் பெரிய சலுகை காத்திருக்கிறது. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும் விலையை எழுதிவைக்க வேண்டும். முன்பு விலை கேட்டுவிட்டுத் திரும்பினோம். இப்போது படித்துவிட்டுத் திரும்பலாம்.

மருந்துத் துறையில் கைதூக்கிவிட ஆளே இல்லை என்று சொல்லக் கூடாது. 1994 முதல் அரசாங்கத்துக்கு மருந்து வழங்கும் குத்தகை பார்மானியாகா நிறுவனத்திடம். விற்காத கோவிட் தடுப்பூசிக்காக 55 கோடி வெள்ளிக்கு மேல் நட்டக் கணக்கு எழுதி, 2023இல் நொடித்த நிறுவனங்களின் பட்டியலில் விழுந்தது. குத்தகை? 2030 வரை நீண்டது. நீண்டகால நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று இந்த அரசாங்கத்தை இனி யார் சொல்வது?

மாத்திரைக்கு வழியில்லாதவர் மனம் தளர வேண்டாம். மைசலாம் என்று ஒரு திட்டமும் 2019இல் வந்தது. சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தால் 8,000 வெள்ளி என்றது. மாத்திரை போடாமல் பொறுமையாக இருந்தால் போதும், தகுதி தானே வரும்.