பழம் பழுத்தால் அண்ணாச்சி வருவார்

மார்கழி விடியலில் எங்கள் தெரு முக்கு அரசமரத்தைச் சுற்றுகிறவர்கள், இப்போதெல்லாம் பிள்ளையாரோடு ஒரு ட்ரைபாடையும் சேர்த்துத்தான் சுற்றுகிறார்கள். அதன் பின்னால் மிலிட்டரிப் புள்ளிச் சட்டை, அதே துணியில் தொப்பி, கழுத்தில் மப்ளர். காட்டில் கண்ணில் படாமலிருக்கத் தைத்த உடுப்பு அது. எதிரே டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, ரேஷன் வரிசை என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. குயிலுக்கு மட்டும் தெரியாதென்று அண்ணாச்சி நம்புகிறார்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையில் பாதி மகள் கல்யாணத்துக்கும் மீதி லென்ஸுக்கும் போயிருக்கும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே பூட்டிய ஒரு கருவியால் கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளைப் படமெடுத்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அண்ணாச்சியின் லென்ஸுக்குப் பெயர் வைத்தது மதினி. ‘சக்களத்தி’.

அண்ணாச்சிக்குப் பஞ்சாங்கம் மரங்கள்தாம். அரசும் ஆலும் மாமரம் மாதிரிப் பருவம் பார்த்து ஒன்றாகப் பழுப்பவை அல்ல. இந்தத் தெரு ஆல் கார்த்திகையில் சிவந்தால் அடுத்த தெரு ஆல் மாசியில் சிவக்கும். ஆனால் ஒரு மரம் பழுக்கத் தொடங்கிவிட்டால் கிளை கிளையாக மொத்தமும் பழுத்து, சில நாளில் பறவைகள் துடைத்துவிடும். அதனால் அவருக்கு ஊரெல்லாம் ஒற்றர்கள். “என்ன எழவோ, ரோடெல்லாம் செருப்பு ஒட்டுது, கூட்டி மாளல” என்று தூய்மைப் பணியாளர் அம்மா அலுத்துக்கொண்டால், நாம் சரி சரி என்று நகர்வோம். அண்ணாச்சி “எந்த ரோடு?” என்று நோட்டை எடுப்பார்.

அவர் மூன்று பனிக்காலமாகத் துரத்துவது ஒரே ஒரு படத்தை. குயிலோ குக்குறுவானோ பழத்தை அலகு நுனியில் கவ்வும். தலையை ஒரு வெட்டு வெட்டி உள்ளே தள்ளும். அந்த வெட்டில் பழம் அலகையும் விட்டு, தொண்டைக்கும் போகாமல், அந்தரத்தில் நிற்கும் ஒரு நொடித் துணுக்கு. அதற்காக நொடிக்கு 20 படம் வீதம் கேமரா பொரிந்து தள்ளுகிறது. ஒரு காலைக்கு 3,000 படம். பாதி இலை, மீதியில் பாதி வால்.

“குயில் வந்துச்சா அண்ணாச்சி?” என்று டீ மாஸ்டர் கேட்டால், “ஐ.எஸ்.ஓ. 1600” என்று பதில் வரும். நலம் விசாரித்தாலும் ஏறக்குறைய இதேதான். “பின்னால வெள்ளை வானம்லா. எக்ஸ்போஷர ஒண்ணரை ஏத்தலைன்னா மாங்குயிலும் காக்காதான் வே” என்பார், ஏதோ அதை ஏற்றாததால்தான் நம் வாழ்க்கை இப்படி இருக்கிறது என்கிற பாவனையில். சூறைக்குருவிக் கூட்டம் நடு ஆசியாவிலிருந்து இங்கே வந்து, ரோஜா நிற வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பங்குனி வாக்கில் கிளம்பிவிடும். அத்தனை தூரம் பறந்து வந்த பறவை மரத்தில் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி தலையைக் குனிந்து கேமராத் திரையில் முந்தைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அரசம்பழக் கறையோடு லென்ஸ் மேல் ஒரு சொட்டு விழும்போதுதான் நிமிர்வார்.

தை பிறந்துவிட்டால் மாந்தோப்புப் பக்கம் நடமாட்டம். அங்கே புல்லுருவிப் பழம். தோட்டக்காரர் அரிவாளோடு வருவார், மரத்தை உறிஞ்சும் சனியனை வெட்ட. அண்ணாச்சி குறுக்கே நின்று கெஞ்சுவார். பூங்கொத்தி 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்தப் பழம் என்றால் அதற்கு உயிர். கொட்டை பசைபோல் ஒட்டுவதால், கழித்த பிறகும் விழாமல் தொங்கும். குருவி பின்பக்கத்தைக் கிளையில் தேய் தேய் என்று தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். அங்கேயே அடுத்த புல்லுருவி முளைக்கும். அந்தத் தேய்ப்பைத் துல்லியமாகப் பிடித்த படம் ஒன்று அண்ணாச்சி வீட்டு முன்னறையில், மாமனார் படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறது. சம்பந்திமார் வந்தால் மதினி அதன் மேல் காலண்டரைத் தொங்கவிடுகிறாள்.

போன வாரம் அவர் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விரலளவு அரசங்கன்று ஒன்று தலைகாட்டியது. எந்தக் குருவி இட்ட எச்சமோ! சுவர் விரிசல் விட்டிருந்தது. மதினி கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் உளியை வைக்கும் நேரத்தில் அண்ணாச்சி மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“கொஞ்சம் பொறும்வே. கெழக்க பாத்த கெளை. காலை வெயில் நேரா விழும்லா.”

“பழுக்க எத்தனையோ வருசம் ஆகுமே அண்ணாச்சி. அது வரைக்கும் வீடு தாங்குமா?”

அண்ணாச்சி சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்தால் எத்தனை மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டியிருக்கும் என்று அளக்கத் தொடங்கினார்.