வாய் பிளக்கும் திருப்பணி

தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலில் சாரல் காலத்துக் காற்று ஆளையே தள்ளும். உள்ளே போகிறவனை நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். வெளியே வருகிறவனை முதுகில் தட்டி அனுப்பும். வேட்டி கட்டியவர்கள் இரண்டு கையாலும் மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் சாமி கும்பிடப் போக வேண்டும். இந்தக் காற்றுக்கு என்ன காரணம் என்று கைபேசியைக் கேட்டுப் பாருங்கள். கோபுரத்துக்குள் காந்தக்கல் இருக்கிறது என்பான் ஒருவன். பிரபஞ்ச சக்தி என்பான் இன்னொருவன். மூன்றாமவன் "அதிர்ச்சியில் உறைந்த விஞ்ஞானிகள்" என்று சிவப்பு எழுத்தில் போட்டு, வாயைப் பிளந்த தன் முகத்தையும் பக்கத்தில் ஒட்டியிருப்பான்.

காரணம் மேற்கே மலையாக நிற்கிறது. செங்கோட்டைப் பக்கம் அந்த மலைத்தொடர் தாழ்ந்து கணவாய் விடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த இடைவெளியில் நுழைந்து இந்தப் பக்கம் பாய்கிறது. குற்றாலத்துக்குச் சாரல் கொடுப்பது அதுதான். இந்த வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிடுவதும் அதுதான். கிழக்கு பார்த்த கோயிலின் வாசலில் வந்து இடுங்கும்போது அதற்கு வேகம் கூடுகிறது. ஊர்ச் சிறுவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் இதை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லையே.

நம் ஜனங்களுக்கு வரலாறு வேண்டாம், ஆச்சரியம் வேண்டும். வரலாறு வந்தால் கூடவே கேள்வி வரும், கணக்கு வரும், வெட்கம் வரும். ஆச்சரியத்துக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே போனவன், அந்த நிழலில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே, நிழல் விழாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறான். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக் கல் என்கிறான். பல துண்டுகளைப் பொருத்திச் செய்தது அது. பொருத்தியதுதான் வித்தை, ஆனால் வித்தை என்றால் அதைச் செய்த ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

தேடினால் ஆள் கிடைக்கிறான் என்பதுதான் கொடுமை. குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறான் ராஜராஜன். நாவிதனுக்கும் அதில் இடம் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல் பொது இடத்தில், கல்லில், எவனும் அழிக்க முடியாதபடி நிற்கிறது. இன்றைக்கு நம் ஊர்ச் சாலை ஒப்பந்தத்தின் கூலிக் கணக்கை ஒரு காகிதத்தில் வாங்குவதற்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, மேல்முறையீடு போட்டு, செருப்பும் தேய வேண்டும்.

உலகத்துக்கே இதே வியாதிதான். எகிப்துப் பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்று கோடிப் பேர் நம்புகிறார்கள். செங்கடல் ஓரத்தில் வாதி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013-ல் பாப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. கூஃபு மன்னன் காலத்தில், துரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போன மெரர் என்கிற மேற்பார்வையாளர் எழுதிய வேலைக் குறிப்பு. இன்றைக்குக் கல் ஏற்றினோம், படகில் போனோம், ராத்திரி அங்கே தங்கினோம், மறுநாள் திரும்பினோம். நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மேஸ்திரியின் நோட்டு நம் கையில் இருக்கிறது. இருந்தும் வேற்றுக்கிரகவாசிதான் வேண்டும் நமக்கு. தாஜ்மகாலைக் கட்டியவர்களின் கையை ஷாஜகான் வெட்டினான் என்ற கதைக்கு ஒரு சான்றும் கிடையாது. மாறாக, எழுத்துப் பொறித்த அமானத் கான் தன் கையெழுத்தையே உள்ளே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வெட்டப்பட்ட கையின் மேல் நமக்குள்ள ஆசை, கையெழுத்துப் போட்ட கையின் மேல் இல்லை.

கல் சுமந்தவனை மறைத்துவிட்டு வானத்திலிருந்து ஆள் இறக்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. சுமந்தவனின் பேரன் என்ன ஆனான் என்று எவனும் கேட்க மாட்டான். இங்கே கேட்டால் பதில் இப்படி வரும்: செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1936 நவம்பரில் மகாராஜாவின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததும் அங்கே அரசுக் கோயில்களின் கதவு சாதி பார்க்காமல் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. இங்கே 1939 வரை அவனுக்குச் சட்டம் துணைக்கு வரவில்லை. மேற்கே திறந்த கதவின் காற்றுகூட வந்து சேர்ந்துவிட்டது. சட்டம் வர மூன்று வருஷம் பிடித்தது. "தென்காசி கோயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ரகசியங்கள்" என்ற தலைப்பில் இதை ஒருத்தன் வீடியோ போடட்டும், பார்க்கிறேன்.

கட்டியவன் கதைக்கு வருவோம். அரிகேசரி பராக்கிரம பாண்டியன். மதுரை கைவிட்டுப் போன பாண்டிய வம்சத்தில், தெற்கே ஒடுங்கிக் கிடந்த ராஜா. காசிக்குப் போகிறவர்கள் வழியிலேயே செத்துப்போகிறார்கள், இங்கேயே ஒரு காசியைக் கட்டு என்று சிவன் கனவில் சொன்னாராம். இடம் காட்ட எறும்புகளை விட்டாராம். அது தலபுராணம், இருக்கட்டும். 1446-ல் திருப்பணி தொடங்கியது. பிற்பாடு ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு அடிபோட்டான். அது முடிவதற்குள் 1463-ல் ராஜா போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பி குலசேகர பாண்டியன் முடித்து வைத்தான்.

போவதற்கு முன் அந்த மனிதன் ஒரு காரியம் செய்தான். பாட்டாகவே கல்லில் வெட்டினான். பாட்டின் சாரம் இதுதான்: இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு குறை வந்தால், அப்போது வந்து அதைச் சரிசெய்து காப்பாற்றப் போகிறவர் யாராக இருந்தாலும், அவர்களை உலகறிய இப்போதே நான் பணிந்து கும்பிடுகிறேன். ராஜா சொல்கிறான் ஐயா! தன் காலில் விழுந்தவர்களையே பார்த்துப் பழகியவன், இன்னும் பிறக்காத ஒரு கொத்தனார் காலில் விழுகிறான்.

கும்பிட்ட அந்தக் குறை வந்தது. கோபுரம் தீயில் சிதைந்து, பிளந்து, மொட்டையாக நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தலைமுறை தலைமுறையாக. தாத்தா பார்த்தது மொட்டைக் கோபுரம், அப்பா பார்த்தது மொட்டைக் கோபுரம். அதன் அடியில் தேர் ஓடியது, திருவிழா நடந்தது, தேர்தல் மேடை போட்டார்கள், தமிழன் பெருமை பேசினார்கள். சொந்தத் தலையில் ஓட்டை இருக்கிற கோபுரத்தின் நிழலில் நின்றுகொண்டு கல்லணையின் உறுதியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். கடைசியில் சிவந்தி ஆதித்தன் தலைமையில் திருப்பணிக் குழு அமைந்து, ஊரார் காசும் சேர்ந்து, 1990 ஜூனில்தான் சுமார் 180 அடிக் கோபுரம் மறுபடி எழுந்து குடமுழுக்குக் கண்டது. அந்தக் குழுவுக்கு ராஜாவின் கும்பிடு பாத்தியம். நடுவில் இருந்தவர்களுக்கு?

பாரிஸ் நோத்ருதாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15-ல் எரிந்தது. கூரை போயிற்று, கூம்பு சரிந்தது. ஓக் மரம் வெட்டி, பழைய முறையிலேயே இழைத்து, 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள். திறந்த அன்று தீயணைப்புக்காரர்களையும் தச்சர்களையும் கொத்தனார்களையும் உள்ளே கூட்டிவந்து எழுந்து நின்று கைதட்டினார்கள். முகப்புச் சுவர் முழுக்க நன்றி என்று வெளிச்சத்தில் எழுதினார்கள். தென்காசி ராஜா அந்த நன்றியை ஐந்நூற்றைம்பது வருஷம் முன்னதாகவே எழுதிவைத்தான். நாம் என்ன எழுதுகிறோம்?

கருப்பு கிரானைட்டில் எழுதுகிறோம். பேருந்து நிழற்குடையோ, கழிப்பறையோ, ஆழ்குழாய்த் தொட்டியோ, பக்கத்திலேயே ஒரு பளபளப்பான பலகை. மாண்புமிகு முதல்வர் பொற்கால ஆட்சியில், மாண்புமிகு அமைச்சர் திருக்கரங்களால், சட்டமன்ற உறுப்பினர் முன்னிலையில், மாவட்ட ஆட்சியர் தலைமையில், ஒன்றியம், பேரூர், வார்டு, வட்டம். ஆட்சி மாறினால் பெயரின் மேல் சுண்ணாம்பு. தென்காசிப் பக்கம் அப்படி ஒரு பலகையைப் பதித்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம், "அண்ணாச்சி, இதுல ஒங்க பேரு எங்க இருக்கு?" என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைக்காமலே, "நம்ம பேரு இப்ப எதுக்குவே? இடிஞ்சு விழட்டும், முதல் ஆளா எம்பேருதான் வரும்" என்றார்.

ஐஃபல் கோபுரத்திலும் இந்தக் கதை உண்டு. எழுபத்திரண்டு அறிஞர்களின் பெயரை அதன் முதல் தளத்தைச் சுற்றிப் பொறித்தார் ஐஃபல். ஆணி அடித்த ஒருவன் பெயர்கூட இல்லை. இரும்பு எப்படி வளையும் என்கிற கணக்குக்கு வழிகாட்டிய சோஃபி ஜெர்மன் பெயரும் இல்லை, பெண்ணாயிற்றே. பின்னால் பெயின்ட் அடித்தவர்கள் அந்த எழுபத்திரண்டு பெயரையும் சேர்த்து அடித்து மறைத்தார்கள், 1980-களில்தான் மீட்டார்கள். நாங்கள்தான் கல்வெட்டின் மேல் பெயின்ட் அடிக்கிறோம் என்று தாழ்வு மனப்பான்மையில் இருக்கும் நம் செயல் அலுவலர்கள் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். என்ன, அவர்கள் மீட்டார்கள்.

நம் பக்கத்தில் திருப்பணி என்றால் பாதி இடங்களில் நடப்பது வேறு. மணலைப் பீய்ச்சி அடித்துச் சிற்பத்தின் மூக்கைத் தேய்ப்பது, பழைய தளத்தைப் பெயர்த்து வழுக்குகிற டைல்ஸ் ஒட்டுவது, ஓவியத்தின் மேல் வெள்ளை அடிப்பது. இதையெல்லாம் பார்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றம் யுனெஸ்கோ ஆட்களை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. 2017-ல் வந்த அந்த அறிக்கை அறநிலையத் துறையைப் பாராட்டவில்லை. 2021 ஜூனில் அதே நீதிமன்றம் கோயில் மரபுக்காக எழுபத்தைந்து கட்டளைகள் போட்டது. எழுபத்தைந்து! தென்காசிக் கோயிலுக்கே 2025 ஏப்ரல் 7-ல் குடமுழுக்கு நடப்பதற்கு முன்னால், வேலை முடியவில்லை, முறைகேடு என்று மதுரைக் கிளைக்கு வழக்குப் போய், தடை விழுந்து, தடை நீங்கி, அதன் பிறகுதான் கலசத்தில் நீர் விழுந்தது. அந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது என் வேலையில்லை. காத்துப் புரப்பவர்களைக் கும்பிட்டவனின் கோயிலுக்குள் வக்கீல் நோட்டீஸ் வழியாகப் போக வேண்டியிருக்கிறதே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

குற்றாலத்துக்கு வாருங்கள். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை இங்கேதான். சிலை கிடையாது, சாமியே ஓவியம். சுவர் முழுக்க ஓவியம். மேலே செப்புத் தகட்டுக் கூரை. சீசனில் அருவிக்கு வருகிற கூட்டத்தில் நூறில் ஒருவர் எட்டிப் பார்த்தால் அதிகம். பார்க்காமலிருப்பதும் நல்லதுதான், பார்த்தால் ஆணியால் இதயம் வரைந்து தன் பெயரையும் போட்டுவிடுவான்.

உலக அதிசயப் பட்டியலுக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து இந்தக் காலக் கட்டுமானம் ஒன்றை அனுப்ப வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று தயாராக இருக்கிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், சிற்றருவி, புலியருவி, செண்பகாதேவி, தேனருவி என்று சாமி கொடுத்த அருவிகள் இத்தனை இருந்தும் சில பேருக்குப் போதவில்லை. புதிதாக அருவி கட்டினார்கள். ஆமாம், கட்டினார்கள். தனியார் விடுதிகள் ஓடையின் இயல்பான போக்கைத் திருப்பித் தங்கள் வளாகத்துக்குள் விழவைத்துக் காசு பார்க்கின்றன என்று மதுரைக் கிளையில் வழக்கு வந்தது. 2022 கடைசியில் அப்படிப்பட்டவற்றை இழுத்து மூடச் சொன்னது நீதிமன்றம். ஆராயக் குழுவும் போட்டார்கள். மலையை மடக்கி, நீரை வளைத்து, கீழே சிமென்ட் தொட்டி கட்டும்வரை ஊரில் இருந்த ஒரு அலுவலகத்துக்கும் சத்தம் கேட்கவில்லை. அருவிச் சத்தம் அதிகமாக இருந்திருக்கும்.

கட்ட வேண்டியது வேறு இருந்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. மேலே காட்டில் பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அடித்துச் செல்லப்பட்டுச் செத்தான். கம்பித் தடுப்பு இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது. "ஓடு" என்று அவனுக்கு நேரத்தில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பொய் அருவிக்கு நீர் எப்போது விழ வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்த தொழில்நுட்பம் இதே மலையடிவாரத்தில்தான் இருந்தது.

விடுதிக்காரர்கள் வழக்கில் எடுத்துச் சொல்ல நல்ல முன்னுதாரணம் ஒன்று உண்டு. வக்கீலுக்குத் தோன்றவில்லை போலும். பார்சிலோனாவில் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை 1882-ல் கட்ட ஆரம்பித்தார்கள். முறையான கட்டட அனுமதி கிடைத்தது 2019-ல். நூற்று முப்பத்தேழு வருஷம் அனுமதியில்லாக் கட்டடமாக இருந்து, உலகமே டிக்கெட் வாங்கி வந்து பார்த்தது. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கும் எங்கள் மலையடிவார முதலாளிகளுக்கு. ஒரே ஒரு வித்தியாசம்: அதைக் கட்டிய கௌடி, 1885-லேயே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார்.