கடுங்குளிரில் காற்றுத் துப்பாக்கி: ஒரு நுண்ணாய்வு

கடுங்குளிரில் திறந்தவெளியில் காற்றுத் துப்பாக்கி சுடுவது, கனடாவின் மனிடோபா போன்ற சமவெளிகளில் ஜனவரி மாதத்தில் வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாதவர்கள் மேற்கொள்ளும் பணி. இலக்கு பெரும்பாலும் காலி டப்பா. எது கடுங்குளிர் என்பதில் குழப்பம் வேண்டியதில்லை. பனிச்சறுக்கும் துப்பாக்கியும் சேர்ந்த பயத்லான் பந்தயத்தை −20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடத்தக் கூடாதென்பது விதி. பயிற்சி பெற்ற வீரர்கள் நிறுத்திக்கொள்ளும் அந்த இடத்தில்தான் கொல்லைப்புற ஆய்வாளர் தொடங்குகிறார்.

இத்துறைக்கு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மேற்கைத் தேடிச் சென்ற லூயிஸ்–கிளார்க் குழு 1804–05 குளிர்காலத்தை இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன் கோட்டையில் கழித்தது. டிசம்பரில் வெப்பமானி −40ஐ எட்டியது. (செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒத்துப்போகும் ஒரே புள்ளி அது. காற்றுத் துப்பாக்கிக்காரர்கள் தமக்குள் ஒத்துப்போகும் புள்ளி இன்னும் கண்டறியப்படவில்லை.) ஜனவரியில் அங்கு வந்த விருந்தினருக்குக் காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுக் காட்டியவர்கள், கூடவே பீரங்கியையும் இருமுறை வெடித்தார்கள். குளிரில் துப்பாக்கி சோபிக்காததால்தான் பீரங்கி தேவைப்பட்டதா என்பது ஆய்வுக்குரியது. நாட்குறிப்பு இதுபற்றி மௌனம் சாதிக்கிறது. அத்துப்பாக்கி ஆஸ்திரியப் படைக்கென உருவான ஜிரான்டோனி வகை என்பதே பலர் கருத்து. அவ்வகையின் காற்றுக் கலத்தை நிரப்பச் சுமார் 1500 முறை பம்பு அடிக்க வேண்டும். −40இல் அதைக் குறையென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குளிர் முதலில் தாக்குவது கரியமில வாயுவில் இயங்கும் துப்பாக்கியை. குப்பிக்குள் திரவமாகக் கிடக்கும் இந்த வாயுவின் அழுத்தத்தை முழுக்க முழுக்க வெப்பநிலையே முடிவு செய்கிறது: 20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார், 0 டிகிரியில் 35, −30இல் வெறும் 14. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை சுடும்போதும் திரவம் ஆவியாகிக் குப்பியை மேலும் குளிர்விக்கிறது. விசையை இழுத்தால் இருமல் போல ஓர் ஒலி எழும். குண்டு குழாயிலேயே தங்கிவிடுவதும் உண்டு. குப்பியைக் கோட்டுப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வது ஒரு மரபு. அந்தச் சூடு சில முறை சுடும் வரைதான் தாங்கும்.

காற்றை முன்கூட்டியே அடைத்த சிலிண்டர் வகைக்கு இவ்வளவு அவமானம் நேர்வதில்லை. அறைக்குள் 200 பார் காட்டிய அளவி −30இல் சுமார் 166 காட்டும். காற்று எங்கும் போய்விடவில்லை, அதன் அழுத்தம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் ரப்பர் ஓ-ரிங்குகள் விறைத்துப் போனால் உண்மையிலேயே கசியும். சுருள்வில் வகையில் கிரீஸ் கெட்டியாகி பிஸ்டனின் வேகம் குறைகிறது.

குண்டுக்கும் நிம்மதியில்லை. −30இல் காற்றின் அடர்த்தி 20 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஏற்கெனவே வேகம் குறைந்து புறப்பட்ட அரை கிராம் ஈயம் மேலும் தடைபட்டு, குறிக்குக் கீழே இறங்குகிறது. இதற்கு ஸ்கோப்பைத் திருத்தியவர், ஏப்ரலில் தாம் டப்பாவுக்கு மேலே சுடுவதன் காரணம் தெரியாமல் குண்டு செய்த நிறுவனத்தைத் திட்டுவார்.

இந்த அமைப்பின் மிகப் பலவீனமான உறுப்பு மனிதன்தான். காற்று வீசும்போது உணரப்படும் கூடுதல் குளிர் தோலுக்கு மட்டுமே உரியது; எவ்வளவு காற்று வீசினாலும் அதனால் துப்பாக்கி சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே போகாது. தடித்த கையுறையோடு 4.5 மில்லிமீட்டர் குண்டை எடுக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் சிறிது நேரத்தில் விரல் இருப்பதே தெரியாது. வெறும் இரும்பில் கன்னத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மரக்கட்டை அவ்வளவு பாசம் காட்டாது. விடும் மூச்சு ஸ்கோப்பில் உறைவதால் மூச்சை அடக்குவது இங்கே குறி தவறாமைக்கு மட்டுமன்று, குறி தெரிவதற்கே தேவையாகிறது.

சுட்டு முடித்த துப்பாக்கியை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் ஈரம் படிந்து துருவேறும். உறையோடு வெப்பமூட்டாத கொட்டகையில் சிறிது நேரம் வைத்திருந்து, மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். சுட்டவருக்கு இந்த நிதானம் விதிக்கப்படவில்லை. அவர் நேரே அடுப்பங்கரைக்குப் போகலாம்.