கணக்கில் வராத மீன்: ஆழ்கடல் மார்லின் வேட்டையின் இலக்கணம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஒருவர் மீன் பிடித்துவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? குளத்தங்கரையில் நிற்கும் சிறுவனைக் கேட்டால், மீன் கூடையில் விழுந்ததும் சொல்லலாம் என்பான். கெண்டைக்கும் கெளுத்திக்கும் அவன் கூற்று பொருந்தும். ஈட்டி மூக்கோடு ஆழ்கடலில் திரியும் மார்லினுக்குப் பொருந்தாது. மார்லின் படகுக்குள் செத்துக் கிடக்கும். ஆனாலும் பிடித்ததாகக் கொள்ளமாட்டார்கள். கடலில் நீந்திப் போய்க்கொண்டிருக்கும். அதைப் பிடித்தாயிற்று என்று கைகுலுக்குவார்கள். இப்பேர்ப்பட்ட முரணைத் தமிழாய்வுலகம் கண்டும் காணாமல் இருப்பது வருந்தத்தக்கது.

இவ்வாய்வின் கருதுகோள் பின்வருமாறு: மார்லின் வேட்டைக்கு நாள் குறிப்பதும் கடல் பார்ப்பதும் உத்தி தேர்வதும் மீனைப் பிடிப்பதற்காக என்பது பாமரர் கொள்கை. பிடித்ததாகக் கணக்கில் ஏறுவதற்காக என்பதே எம் துணிபு.

ஆய்வு எல்லை: தூண்டில் கோலும் ரீலும் கொண்டு பொழுதுபோக்காகப் பிடிப்போர் மட்டும். காசிமேட்டில் வலையிலும் ஆயிரங்கால் தூண்டிலிலும் பட்டு வந்து இறங்கும் மார்லின்கள் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே மீன் கரையேறுகிறது, ஏலம் போகிறது, துண்டமாகிறது. பிடித்தவர் யார் என்ற தத்துவக் கேள்வி எழுவதே இல்லை.

ஆய்வு நெறி: கடலைப் பற்றிய எந்த ஆராய்ச்சிக்கும் முதல், கரு, உரி என்ற பகுப்பைவிடச் சிறந்த கருவி நம்மிடம் இல்லை.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்க. வேட்டைக்குப் போகிறவர் முதலில் முடிவு செய்வதும் இவ்விரண்டைத்தான்.

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் இருக்கும் கோனாவை எடுத்துக்கொள்வோம். 4,000 மீட்டரைத் தாண்டிய மௌனா லோவா, மௌனா கேயா என்ற இரு எரிமலைகள் கிழக்கிலிருந்து வரும் காற்றை மறித்து நிற்கின்றன. அதனால் கோனாக் கடல் பெரும்பாலான நாட்களில் அலையடங்கிக் கிடக்கும். கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே ஆழமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். காலைச் சிற்றுண்டி செரிக்குமுன் வேட்டைக்களத்துக்குப் போய்விடலாம். இங்கு ஆண்டு முழுவதும் நீல மார்லின் உண்டு, கோடையில் கூடுதல். 1982இல் இங்கே பிடிபட்ட 1,376 பவுண்டு மீன்தான் பசிபிக் நீல மார்லினுக்கான சாதனை.

ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் பக்கம் போனால் கதை வேறு. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, பவளப் பார்களின் வெளிவிளிம்பில், கருப்பு மார்லின்கள் முட்டையிட வந்து கூடும். ஆயிரம் பவுண்டைத் தாண்டும் மார்லின்கள் எல்லாம் பெண் மீன்களே. ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்கு எடையை எட்டுவதே அரிது. ஆகவே ‘ராட்சத மீனோடு மல்லுக்கட்டினேன்’ என்று மார்தட்டும் ஒவ்வொருவரும், ஆராய்ந்து பார்த்தால், பிள்ளைப்பேற்றுக்கு வந்த ஒரு தாயை வழிமறித்தவர் ஆவார். இதை அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டாம்.

கெய்ன்ஸ் உலகப் புகழ் பெற்றது 1966 செப்டம்பரில். ஜார்ஜ் பிரான்ஸ்போர்ட் என்ற அமெரிக்கர் தம் படகைக் கொண்டுபோய் அங்கே 1,064 பவுண்டு கருப்பு மார்லினைக் கரைசேர்த்தார். அந்தப் படகில் தூண்டில் கோலைப் பிடித்திருந்தவர் ஒபாக் என்ற இன்னொருவர். ஏட்டில் பெயர் ஏறியது ஒபாக்குக்கு. ஊர் கொண்டாடுவது பிரான்ஸ்போர்டை. நம் ஆய்வுச் சிக்கலின் முதல் கீற்று இங்கே தென்படுகிறது.

கருப்பொருள்

அ. உத்திகள். இவற்றில் நான்கு மரபுகள் உள. நான்கும் ஒன்றையொன்று மதிப்பதில்லை.

முதலாவது ஹவாய் மரபு. பிசினில் வார்த்த தலையும் அதன்மேல் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையுமாக இருக்கும் போலி இரைகளைப் படகுக்குப் பின்னால் ஏழு முதல் ஒன்பது நாட் வேகத்தில் இழுத்துக்கொண்டு போவது. கோனாவின் படகோட்டி ஹென்றி சீ, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மதுக்கோப்பைகளையே அச்சாகக் கொண்டு இவ்விரைத் தலைகளை வார்த்தார் என்பர். தலையின் முகம் சரிவாக வெட்டியிருக்கிறதா, குழிந்திருக்கிறதா, கூம்பியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அது நீரில் முங்கும், துள்ளும், நேரே ஓடும். படகு எழுப்பும் அலைகளில் இரண்டாவதில் எது ஓட வேண்டும், ஐந்தாவதில் எது என்பது குறித்துப் படகோட்டிகளிடையே நிலவும் கருத்து வேறுபாடு சைவ வைணவ வாதங்களுக்குச் சற்றும் இளைத்ததன்று. நிறச் சண்டை அதனினும் பெரிது. மார்லினுக்குக் கண்ணையும் மூளையையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளவென்றே தனி உறுப்பு இருக்கிறது. குளிர்ந்த ஆழத்திலும் அதன் பார்வை மங்காது. அத்தகைய கண் படைத்த மீன் ஊதாப் பாவாடையைக் கண்டு ஏமாறுகிறது என்றால், தவறு கண்ணில் இல்லை என்பது தெளிவு.

இரண்டாவது கெய்ன்ஸ் மரபு. செத்த மீனை முள்ளில் கோத்து, வாயைத் தைத்து, உயிரோடு நீந்துவதுபோல மெதுவாக இழுப்பது. தையல் தெரிந்த படகாள் இதற்கு வேண்டும். மூன்றாவது, உயிருள்ள சூரையையே இரையாக்கி, இரண்டு நாட் வேகத்தில் ஊர்வது. நான்காவது மரபினர் முள்ளே இல்லாத இரைகளை முதலில் இழுப்பர். மார்லின் வெறிகொண்டு அருகில் வந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு, முள் வைத்த வேறு இரையை அதன் முகத்துக்கு நேரே நீட்டுவர். தேர்தல் அறிக்கைகளோடு பழகியவர்களுக்கு இம்மரபை விளக்கத் தேவையில்லை.

இவற்றுள் எதைக் கொள்வது? மீன் எங்கே என்று தெரியாதபோது வேகமாக இழுத்துக் கடலைத் துழாவ வேண்டும். ஆகவே போலி இரை. சூரைக் கூட்டமும் அதன் கீழே மார்லினும் இருப்பது தெரிந்துவிட்டால் நின்று ஊர வேண்டும்; ஆகவே உயிர் இரை. தெரியாத கடலில் ஓடு, தெரிந்த கடலில் நில். இவ்வளவுதான் நூல். மற்றதெல்லாம் உரை.

எனினும், விதி குறுக்கே வரும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரைப் போட்டிகளில் இயற்கை இரை கோத்தால், 2008 முதல், வளைமுள்தான் பயன்படுத்த வேண்டும். மீன் அதை விழுங்கினாலும் பெரும்பாலும் தாடையோரத்தில்தான் குத்தும், விடுவித்தால் பிழைக்கும். தூண்டில் நரம்பின் தடிமனும் அப்படியே. சாதனைகள் நரம்பின் வலிமைப்படி வகை பிரித்துப் பதியப்படுகின்றன. உச்ச வரம்பு 130 பவுண்டு. நரம்பு மெலிய மெலியச் சிறு மீனும் சாதனையாகும். ஆகவே சாதனை வேண்டுவோர் பெரிய மீனைத் தேடி அலைய வேண்டியதில்லை. மெல்லிய நரம்பை வாங்கினால் போதும். அது அறுந்துபோனால் என்ன என்று கேட்பின், அது உரிப்பொருளின்பாற்படும்.

ஆ. விலக்குகள். வாழைப்பழத்தைப் படகில் ஏற்றக் கூடாது. உலகின் பல துறைமுகங்களிலும் வேட்டைப் படகுக்காரர்கள் இதில் உறுதியாக இருக்கிறார்கள். பயணியின் பையைச் சோதித்துப் பழத்தைக் கரையில் போடுவோரும் உண்டு. வாழைப்பழம் இல்லாமல் தேங்காய்கூட உடைக்காத நாட்டார்க்கு இது பெரும் பண்பாட்டு அதிர்ச்சி. ஆயுத பூசை அன்று வண்டிக்கு வாழைக்கன்றே கட்டுகிறோம். விலக்குக்குக் காரணம் கேட்டால் பல கதைகள் சொல்கிறார்கள். ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை.

இ. நாற்காலி. இதுவே இவ்வாய்வின் மையம். படகின் அமரத்தில், தரையில் பொருத்திய சுழல் நாற்காலி ஒன்று இருக்கும். பணம் கட்டியவர் அதில் அமர்வார். வாரால் ரீலோடு பிணைக்கப்படுவார். மீன் எங்கே என்று கண்டவர் படகோட்டி. இரையைக் கட்டியவர் படகாள். முள் பட்டதும் படகைப் பின்னோக்கிச் செலுத்தி மீனைத் துரத்துபவர் மறுபடியும் படகோட்டி. மீன் பக்கம் நாற்காலியைத் திருப்பிவிடுபவரும் படகாள்தான். விதி இதை அனுமதிக்கிறது. மீன் நெருங்கியதும் முள்ளுக்கு முன்னால் வரும் தடித்த நரம்பை, அதாவது லீடரை, கையுறை போட்ட கையில் சுற்றி இழுத்து, ஒரு கணம் தப்பினால் கடலுக்குள் போகக்கூடிய ஆபத்தை ஏற்பவரும் அவரே. ரீலைச் சுற்றியவர் நாற்காலிக்காரர். பிடித்தவரும் அவரே.

ஏன் எனின், விதி அப்படி. 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் வகுத்தது அது. முள் பட்டதிலிருந்து, லீடர் கைக்கு எட்டும் வரை, நாற்காலிக்காரர் தவிர வேறொருவர் கோலையோ ரீலையோ நரம்பையோ தொடக் கூடாது. மீன் சுறாக் கடியின்றி வர வேண்டும். எறியீட்டி ஆகாது. இவற்றுள் ஒன்று தவறினாலும், எதிரில் கிடக்கும் மீன் பிடிக்கப்படாத மீன்.

உரிப்பொருள்

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். மார்லின் வேட்டையின் வரலாறு இவ்விலக்கணத்துக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதற்குச் சான்றுகள் தருகிறோம்.

சான்று ஒன்று: 1930இல் எழுத்தாளர் ஜேன் கிரே தஹித்தித் தீவருகே 1,040 பவுண்டு மார்லினைக் கொண்டுவந்தார். கோலும் ரீலும் கொண்டு ஆயிரம் பவுண்டைத் தாண்டியது அதுவே முதன்முறை. வழியில் சுறாக்கள் கடித்துவிட்டன. சாதனைப் பட்டியலில் இடமில்லை.

சான்று இரண்டு: 1970இல் ஹவாயின் ஓவாஹுவுக்கு அருகே, சோய் என்பவரின் வாடகைப் படகில் 1,805 பவுண்டு நீல மார்லின் பிடிபட்டது. அதன் வயிற்றில் 150 பவுண்டுக்கு மேற்பட்ட மஞ்சள்துடுப்புச் சூரை ஒன்று முழுதாக இருந்தது. கோலை ஒருவர்க்கு மேல் கைமாற்றிப் பிடித்திருந்தார்கள். ஆகவே 1,805 பவுண்டு இருந்தும் இல்லை. தனியே கேட்டால், வந்த விருந்தினர் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் இழுத்த அந்த மீனே எம் நெஞ்சுக்கு உகந்தது. ஆய்வாளன் நெஞ்சைப் பேசக் கூடாது என்பதால் மேலே செல்வோம்.

சான்று மூன்று: 2023 ஜூனில் வட கரோலினாவின் பிக் ராக் போட்டி. கடைசி நாளில் ‘சென்சேஷன்’ என்ற படகு 619.4 பவுண்டு நீல மார்லினோடு வந்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் போராடிக் கொண்டுவந்த மீன். கிடைக்க வேண்டிய பரிசு ஏறத்தாழ 35 லட்சம் டாலர். மீனின் உடலில் சுறாக் கடி இருந்தது. தகுதியிழப்பு. 484.5 பவுண்டு மீன் வென்றது.

சான்று நான்கு, இதுவே தலையாயது. ஹெமிங்வே 1952இல் வெளியிட்டு, தமிழிலும் ‘கடலும் கிழவனும்’ ஆக வந்த நாவலின் சந்தியாகோ. அவன் பிடித்தது 18 அடி மீன். தன் கணிப்பில் 1,500 பவுண்டுக்கு மேல். விதிப்படி பரிசீலித்தோம். கோலும் ரீலும் இல்லை, கைக்கயிறு. எறியீட்டியால் குத்தினான். சுறாக்கள் தலையும் எலும்பும் வாலும் தவிர அனைத்தையும் தின்றன. மூன்று குற்றங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே தகுதியிழப்புக்குப் போதுமானது. போதாததற்கு, இவ்வளவு பெரிய மார்லின் பெண்ணாகத்தான் இருக்க முடியும். கிழவனோ கடைசிவரை அதனோடு அண்ணன் தம்பி உறவு கொண்டாடினான். இதில் ஆய்வாளர் கவனிக்க வேண்டியது, நாவலை எழுதிய காலத்தில் ஹெமிங்வே மேற்படி சங்கத்தின் துணைத்தலைவர். தம் சங்கம் ஒருக்காலும் ஏற்காத மீனை எழுதித்தான் அவர் புலிட்சர் பரிசு பெற்றார்.

1958இல் அது திரைப்படமானபோது இன்னொரு திருப்பம். பெரு நாட்டின் கபோ பிளாங்கோவில் 1953 ஆகஸ்ட் 4 அன்று ஆல்பிரட் கிளாசெல் 1,560 பவுண்டு கருப்பு மார்லினைப் பிடித்தார். கருப்பு மார்லினுக்கு இன்றுவரை அதுவே சாதனை. அந்த வேட்டையின் படச்சுருளைப் படத்தில் சேர்த்தார்கள். கணக்கில் வந்த மீன், கணக்கில் வராத மீனுக்காக நடித்துக் கொடுத்தது.

தடையும் விடையும்

அற்றேல், இப்போதெல்லாம் மீனைக் கொல்லாமல் விட்டுவிடுகிறார்களே, அங்கே உம் கருதுகோள் என்னாகும் என்பார்க்கு விடை: அங்கேதான் அது முழுமை பெறுகிறது. விடுவிப்புப் போட்டிகளில் லீடர் படகாளின் கைக்கு வந்தாலோ, கோலின் நுனியைத் தொட்டாலோ மீன் பிடிபட்டதாகக் கொள்ளப்படும். வீடியோ சான்று போதும். நரம்பை வெட்டிவிடுவர், மீன் போய்விடும், புள்ளி நிற்கும். மீனுக்கு நல்லது, விளையாட்டுக்கும் கேடில்லை. ஆக, மீனே வேண்டாத நிலைக்கு மீன்பிடிக் கலை வந்து சேர்ந்துவிட்டது.

விண்ணப்பம்

மேற்படி சங்கத்தாருக்கு இவ்வாய்வாளரின் பணிவான கோரிக்கை: சாதனைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் கணக்கில் வராத மீன்களுக்கும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும். பெயர், ஊர், எடை, தகுதியிழந்த காரணம் என நான்கு பத்திகள் போதும். எடைப் பத்தியில் ‘மதிப்பீடு’ என்று எழுத இடம் விட வேண்டும். முதல் வரியைச் சந்தியாகோ, கூபா என்று தொடங்கலாம். சோயின் படகில் வந்த விருந்தினர் அத்தனை பேரின் பெயரையும் ஒரே வரியில் எழுத, இரண்டாம் வரியைச் சற்று அகலமாகப் போடவும்.