கருப்பு வண்டியும் என் வெள்ளை மனசும்

கருப்பு கார் வேண்டாம் என்று என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். வெயிலில் உள்ளே உட்கார முடியாது என்றாள் மனைவி. சனீஸ்வரன் நிறம் மாப்ளே என்றார் மாமனார். மூன்றாவது ஆள், அந்தக் காரை எனக்கு விற்றவர். "கருப்புன்னா கொஞ்சம் பாத்துக்கணும் சார்" என்றார். விற்கிறவரே தடுக்கும் பண்டத்தை வாங்குவதில் ஒரு தனிக் கெத்து இருக்கிறது. வாங்கினேன்.

2018-இல் வந்த வண்டி. என் கைக்கு வந்தது 2022-இல். "கழுவக்கூட நேரமில்ல சார், எப்பவாச்சும் மழையில நனையுறதுதான்" என்று அவர் கூச்சத்தோடு சொன்னபோது, சோறூட்ட ஆளில்லாத பிள்ளையைப் பார்த்த பாட்டி மாதிரி எனக்கு நெஞ்சு பதறியது. இனி உனக்கு ஒரு குறையும் வராது கண்ணே என்று மனசுக்குள் சத்தியம் செய்தேன். ஒப்படைக்கும் முன் அவர் பைப்பால் தண்ணீர் அடித்துக் கொடுத்தார். தூசிக்கு அடியிலிருந்த பெயின்ட் கண்ணாடியாக இருந்தது. பானட்டில் என் முகம் தெரிந்தது, மீசையில் இருந்த நரை உட்பட. அதற்கப்புறம் அந்த முகத்தை அந்த பானட்டில் நான் அவ்வளவு தெளிவாகப் பார்க்கவேயில்லை.

முதல் ஞாயிறு. மே மாதம், மடிப்பாக்கம், காலை பதினொன்றரை மணி. வெயிலில் கழுவினால் சீக்கிரம் காயும் என்பது என் கணக்கு. துணிக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு சரி. தளவாடங்கள் மூன்று: ஒரு வாளி, பாத்திரம் துலக்கும் லிக்விட், என்னுடைய பழைய பனியன். லிக்விடுக்குத் தெரிந்த ஒரே வேலை எண்ணெய்ப் பசையை எடுப்பது. பெயின்டின் மேல் மெழுகுப்பூச்சு ஏதாவது மிச்சம் இருந்தால், அதையும் அப்பளம் பொரித்த சட்டி என்று நினைத்து எடுத்துவிடும்.

பெருமாளைச் சேவிப்பது போலப் பாதாதிகேசமாக ஆரம்பித்தேன். முதலில் டயர், பிறகு மட்கார்டு மடிப்பில் காய்ந்திருந்த சேறு, அதே வாளி, அதே பனியனோடு கதவு, பானட், கடைசியாகக் கூரை. வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்ததும் அழுக்கு போகிறதே என்று பூரித்தேன். போனது உண்மைதான். எங்கே போனது என்றுதான் யோசிக்கவில்லை. பனியனுக்குள் போய், அங்கிருந்து திரும்ப பானட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சேற்றில் இருப்பது மணல். மணல் பெயின்டைவிட எவ்வளவோ கடினம். ஆக, ஈர உப்புத்தாளை வைத்து என் கண்ணே மணியே என்று ஒரு மணி நேரம் குளிப்பாட்டியிருக்கிறேன்.

துடைப்பதற்குள் வெயில் துடைத்துவிட்டது. கருப்பு வண்டி புள்ளிமானாக நின்றது.

எங்கள் தெரு போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கெட்டில் வெள்ளைப் படலம் கட்டும், குழாய் வாயில் மூக்கு வளரும், சோப்பு நுரைக்க யோசிக்கும். அதில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் ஆவியாகாது. தண்ணீர் பறந்துவிடும், உப்பு பானட்டிலேயே குடியிருக்கும். புதுக்கறையாக இருந்தால் வினிகரில் தண்ணீர் கலந்து ஒத்தி எடுத்தாலே கரைந்துவிடும். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அடுப்படியில் கறை போக எதை எடுப்பார்கள் என்பதுதான். போய் பச்சை நாரை எடுத்து வந்தேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விவரம். பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. பளபளப்பெல்லாம் அதன் புண்ணியம். தடிமன் சுமார் 40, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியைவிட மெலிசு. தலைமுடியோடு அதற்கு இன்னொரு ஒற்றுமையும் உண்டு: போனால் முளைக்காது. இரண்டிலும் எனக்கு அனுபவம் இருக்கிறது.

பச்சை நார் உப்பை எடுத்தது. இடது பக்க பானட்டில் ஓர் உள்ளங்கை அளவுக்கு எல்லாவற்றையும் எடுத்தது.

ஆனால் முழுச் சேதம் தெரிந்தது ஒரு மாதம் கழித்து, இரவில், பெட்ரோல் பங்கில். அங்கே வெள்ளை எல்இடி விளக்கு. அதன் கீழ் வண்டி நின்றதும் பானட் முழுக்கச் சிலந்தி வலை. விளக்கு பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கீறல். எனக்கு உடனே எங்கள் குடியிருப்பில் கார் துடைக்கும் தம்பி மேல் சந்தேகம் வந்தது. ஏனென்றால் நான் ஒரு நாளும் வட்டமாகத் தேய்த்ததில்லை, நேர்கோடுதான். அவரோ விடியற்காலை ஐந்தரைக்கு வந்து, ஒரே வாளித் தண்ணீரில் இருபது வண்டி துடைக்கிறவர். மறுநாள் காலை பிடித்துக்கொண்டேன்.

"சார், உங்க வண்டிய நான் தொடுறதே இல்லையே" என்றார். "நானே பாத்துக்கறேன்னு நீங்கதானே முத நாளே சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தேன்.

நேர்கோடு எப்படி வட்டமாகும் என்ற மர்மத்தையும் பிறகு தெரிந்துகொண்டேன். கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. அவற்றில் விளக்கைச் சுற்றிச் சரியான கோணத்தில் அமைந்தவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. விளக்கு நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். விஞ்ஞானம் அழகுதான். அதற்குப் பரிசோதனைக்கூடமாக என் பானட் இருந்திருக்க வேண்டாம்.

அதற்குப் பிந்திய ஆறு மாதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை மெழுகு பாலிஷைப் பம்பரின் கருப்பு பிளாஸ்டிக்கிலும் சேர்த்துப் பூசியதில் வண்டிக்கு என்னைவிட நரைத்த மீசை முளைத்தது. வண்டி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியைக் குளியல் துண்டுகளோடு வாஷிங் மெஷினில் போட்டேன், அது துண்டிலிருந்த பஞ்சையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஒப்படைத்தது. ஆயுத பூஜைக்கு பானட்டில் வைத்த சந்தனத்தைக் கழுவச் சாமி குற்றம் என்று பயந்து இரண்டு வாரம் விட்டேன். சாமி கோபிக்கவில்லை, பெயின்ட் கோபித்துக்கொண்டது.

டயர் பாலிஷ் விஷயத்தை மட்டும் அப்படித் தாண்டிப் போக முடியாது. டயரில் அடித்தேன், பளபளத்தது. பாட்டிலில் மீதி இருந்தது. ரெக்ஸின் சீட்டும் கருப்புதானே என்று அதிலும் அடித்தேன். அடுத்த முகூர்த்தத்துக்கு அத்தையைக் கல்யாண மண்டபம் அழைத்துப் போனோம். காஞ்சிப் பட்டு ஒரு பக்கம், சிலிக்கோன் பூசிய சீட் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பிரேக்குக்கும் அத்தை முன்னால் வந்து என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். "ஏம்ப்பா, எதுக்கு இப்படி வழுக்கிட்டே வர்றேன்?" என்று கேட்டபோது சாலை சரியில்லை என்று மாநகராட்சியின் மேல் பழியைப் போட்டேன். நல்லவேளை, ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் அடிக்கப் பாட்டிலில் மீதி இல்லை. அடித்திருந்தால் இதை எழுத ஆளிருக்காது. சிரிப்புக்காகச் சொல்லவில்லை, அவற்றில் மட்டும் யாரும் அடித்துவிடாதீர்கள்.

கடைசியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை, கோட்டு போட்ட பையன். செராமிக் கோட்டிங் போடச் சொன்னான். "9ஹெச் ஹார்ட்னஸ் சார், வைரம் மாதிரி." அந்த 9ஹெச் வைரக் கணக்கு இல்லை, பென்சில் கணக்கு. 9ஹெச் பென்சிலால் கீறினாலும் தாங்கும் என்று அர்த்தம். என் கவலை பச்சை நார். எஸ்டிமேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கும் வாட்டர் சர்வீஸ் அண்ணனிடம் போனேன்.

அண்ணன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பானட்டின் இடது பக்கம் குனிந்து பார்த்தார். டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கூட வந்தவர் யார் என்று கேட்பார்களே, அந்தக் குரலில், "யாரு சார் கழுவறது?" என்றார்.

"டிரைவர்" என்றேன். எனக்கு டிரைவர் கிடையாது.

"அவர கழுவ வேணாம்னு சொல்லிருங்க."

பிறகு அந்த டிரைவருக்காக விளக்கினார். கை வைக்கும் முன்னே வெறும் தண்ணீர் அடித்து மணலை இறக்கணும். வாளி ரெண்டு: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணி. கையுறைத் துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்கணும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. மற்றபடி கேசாதிபாதம், மேலேயிருந்து கீழே. நிழலில். துண்டை விரித்துப் போட்டு ஒத்தி எடுக்கணும், இழுக்கக் கூடாது. "துணி கீழ விழுந்துச்சுன்னா அதோட அது வண்டித் துணி இல்ல சார். எவ்வளவு வெல குடுத்து வாங்கியிருந்தாலும்."

முந்தைய சொந்தக்காரர் நாலு வருஷம் கழுவவே இல்லை, ஆனாலும் பெயின்ட் கண்ணாடியாக இருந்தது, இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"கழுவலையா? அதான் இருந்திருக்கு" என்றார். "தூசி பாவம் சார், அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். தேய்க்கிற கைதான் கெடுக்கும். 2019-ல புழல், செம்பரம்பாக்கம் ஏரியெல்லாம் வத்திப்போச்சே, அப்ப இங்க மெஷின் ஓடல. ஊருல யாரும் வண்டி கழுவல. மழை வந்தப்புறம் வந்த வண்டியெல்லாம் என்னமா பளபளன்னு இருந்துச்சு தெரியுமா?"

மெஷின் பாலிஷ் போட்டுக் கொடுத்தார். சிலந்தி வலை முக்கால்வாசி போய்விட்டது. பாலிஷ் என்பதும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுப்பதுதான், அடிக்கடி வந்து நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். டிரைவரை விசாரித்ததாகவும் சொன்னார்.

இப்போது மாதம் இரண்டு முறை, காலை ஆறு மணிக்கு, மூன்று வாளியோடு கீழே இறங்குகிறேன். கார் துடைக்கும் தம்பி தள்ளி நின்று மரியாதையாகப் பார்க்கிறார். பச்சை நார் பட்ட இடம் மட்டும் பாலிஷுக்கும் மசியாமல் அப்படியே இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் காலை பத்து மணி வெயிலில் வரலாம். தொடாமல் பார்க்கவும்.