பால்கோவாவில் மொய்க்காத ஈ

கேள்வி: எங்கள் வீட்டு ராஜபாளையம் நாயின் தடுப்பூசி அட்டையில் ‘கொரோனா’ என்று போட்டிருக்கிறதே, நம்மைப் படுத்திய அதே ஆசாமியா?
- நாய்ப் பிரியர், ராஜபாளையம்

பதில்: இல்லை, தூரத்துப் பங்காளி. நாய்க்கு வயிற்றுப்போக்கு தருகிற அதை 1971-லேயே ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். நம்முடையது 2019 வரவு. ஆனாலும் குடும்ப அடையாளம் ஒன்று இரண்டிலும் உண்டு: உறையில் ஒட்டியிருக்கும் ‘ஈ’ புரதம். (ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை ஈ அல்ல, ஆங்கில எழுத்து.)

ஆள் பொடியன். நம்ம கொரோனாவின் முள்புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள். இதில் வெறும் 75. ஐந்து ஈக்கள் வட்டம் கட்டி நின்றால் நடுவில் ஒரு துளை, அதன் வழியே அயனிகள் நழுவும். புது வைரஸை உருட்டித் திரட்டவும் இவர் வேண்டும். அதனால்தான் அதிகம் மாறுவதில்லை. பால்கோவாப் பெட்டியின் படம் வருஷத்துக்கொன்று மாறலாம், பக்குவத்தில் கைவைப்பார்களா? ஒமிக்ரான் முள்புரதத்தில் முப்பதுக்கு மேல் மாற்றங்கள். ஈயில் ஒன்றே ஒன்று. 2003-இல் மிரட்டிய சார்ஸின் ஈக்கும் இதற்கும் நாலே இடத்தில்தான் வித்தியாசம்.

2020-இல் உங்கள் மூக்கில் குச்சி விட்டார்களே, அந்தப் பரிசோதனையில் முதலில் தேடியது பெரும்பாலும் இந்த ஈ மரபணுவைத்தான். உங்கள் நாயின் ரோஜா நிற மூக்கு தப்பித்தது.