சானிபலுக்குப் போறீராக்கும், மாப்ளே?

வாரும் மாப்ளே, உக்காரும். ஃப்ளோரிடாவுல சானிபல் தீவுல ஒரு வாரத்துக்கு வீடு புடிக்கப் போறீராம், எங்கிட்ட யோசனை கேக்கணும்னு சொன்னீராம். கேளும். மக டாம்பாவுல இருக்கா, அவ புண்ணியத்துல அந்த மணலை நானும் மிதிச்சவன்தான். ஆனா எனக்குத் தெரியும்வே, நீரு யோசனை கேக்க வரல. முடிவெடுத்துட்டு, தலையாட்ட ஒரு கெழவனைத் தேடி வந்திருக்கீரு.

போன்ல காட்டுதீரே அந்தப் படத்தை நல்லாப் பாரும். வெள்ளை சோபா இருக்கு, மேசையில எலுமிச்சம்பழம் அடுக்கின கண்ணாடிக் கிண்ணம் இருக்கு. கடல் எங்க? ‘நடந்து போற தூரம்’னு எழுதியிருக்கான். நம்ம சனம் திருச்செந்தூருக்கே நடந்துதான் போவுது. எத்தனை அடி, நடுவுல பெரிய ரோடு உண்டா, மாடிப்படி எத்தனைன்னு எழுதிக் கேளும். அங்க நெறைய வீடு தூணு மேலதான் நிக்கும். உம்ம மாமியாருக்கு முட்டி வலி.

அதவிடப் பெரிய கேள்வி, அந்தப் படம் எந்த வருசம் எடுத்தது? 2022 செப்டம்பர் 28-ம் தேதி இயான்னு ஒரு புயல் வந்து அந்தத் தீவைப் பொரட்டிப் போட்டுட்டு. கரையையும் தீவையும் சேக்குற பாலச்சாலை அறுந்துபோச்சு. ராப்பகலா வேலை பாத்து மூணு வாரத்துல ஒப்பேத்திட்டான், அது கெட்டிக்காரத்தனம்தான். 1884-ல வச்ச இரும்புக் கலங்கரை விளக்கு, நாலு காலுல ஒண்ணு போயும் விழாம நின்னுச்சு. வீடுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. அதுக்கப்புறம் 2024-ல ஹெலீன், மில்டன்னு ரெண்டு புயல் வந்து தண்ணியை ஏத்துனதும் உண்டு. அதனால நீச்சல் குளம் ஓடுதா, லிப்ட் வேலை செய்யுதா, பக்கத்து மனையில காலையில ஏழு மணிக்கு சுத்தியல் சத்தம் கேக்குமான்னு கேக்கணும். நீரு கேக்க மாட்டீரு. சோபாவைப் பாத்துட்டீரே.

துட்டுக் கணக்குக்கு வருவோம். ‘ஒரு ராத்திரிக்கு இவ்வளவு’ன்னு முன்னால போட்டிருக்கதை நம்பி ஏழால பெருக்கி வச்சிருக்கீரு. படிச்ச புள்ள! கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பாரும். துப்புரவுக்கு ஒண்ணு, எடுத்துக் குடுத்தவனுக்கு ஒண்ணு, அப்புறம் வரி. மாநில விற்பனை வரி 6, தீவு இருக்க லீ கவுண்டிக்கு அரை, சுற்றுலா வரி 5, ஆக மொத்தம் 11.5 சதவீதம். துப்புரவுக்குக் காசு வாங்கினவனே, ‘கிளம்புறதுக்கு முன்னால பாத்திரம் கழுவும், குப்பையைக் கொண்டு போடும், துண்டை மெசின்ல போட்டுட்டுப் போவும்’னு குளிர்பெட்டி மேல சீட்டும் ஒட்டியிருப்பான். இன்னொரு சங்கதி. குடியிருப்புத் தெருவுல இருக்க தனி வீடுகளை நாலு வாரத்துக்குக் கொறைச்சு விடக்கூடாதுன்னு ஊர்ச்சட்டம். வாரக் கணக்குக்கு வேணும்னா கடலோரத்துல அதுக்குன்னு ஒதுக்கின பகுதியிலதான் பாக்கணும். உள்தெருவுல தனி வீட்டை ரெண்டு ராத்திரிக்குத் தாரேன்னு எவனாவது சொன்னா, காசு கட்டுறதுக்கு முன்னால கொஞ்சம் மூச்சு விடும்.

செப்டம்பர்ல பாதி விலைக்குக் கிடைக்குன்னு சந்தோசப்படுதீரு. ஏன் கிடைக்குன்னு யோசிச்சீரா? ஜூன் முதல் நவம்பர் கடைசி வரைக்கும் புயல் சீசன், அதுல உச்சமே செப்டம்பர் நடுவுலதான். போயே தீருவேன்னா பயண இன்சூரன்ஸை இப்பமே எடும். புயலுக்குப் பேரு வச்ச பொறவு எடுத்தா, அந்தப் புயலுக்கு ஒரு சல்லிக்காசு தரமாட்டான். பிப்ரவரி, மார்ச்சுல வானம் சுத்தமா இருக்கும், ஆனா வடக்க பனிக்குப் பயந்த பெருசுகளெல்லாம் அங்கதான் கூடும், வாடகையும் எகிறும். என்னைக் கேட்டா ஏப்ரல் கடைசி, இல்லன்னா நவம்பர் கடைசி. சாயங்காலம் காத்து நின்னா, கண்ணுக்குத் தெரியாத பொடிப்பூச்சி எந்த மாசமும் கடிக்கும். கொசுவுக்குக் கோவப்படாதேயும். 1950-ல ஒத்த ராத்திரியில ஒரே ஒரு விளக்குப் பொறியில மூணரை லட்சத்துக்கு மேல கொசு விழுந்த ஊரு அது. இப்ப உள்ளது எல்லாம் மிச்சம் மீதி.

சோபாவை விடும், தீவு வச்சிருக்க சொத்தைச் சொல்லுதேன். அந்தக் கரையில மத்தத் தீவெல்லாம் வடக்கு தெக்கா நீண்டு கெடக்கும். சானிபல் மட்டும் கெழக்கு மேக்கா வளைஞ்சு, கடலுக்கு மடி விரிச்சு உக்காந்திருக்கு. மெக்சிகோ வளைகுடா ஒதுக்குற சிப்பியும் சோழியும் அந்த மடியில வந்து விழும். தண்ணி வத்துற நேரத்துக்குக் காலையில போனா, சனம் குனிஞ்சது குனிஞ்சபடி நடக்கும். அந்தக் கூனலுக்கு ‘சானிபல் ஸ்டூப்’னு பேரே வச்சிருக்கான். நீரும் ஏற்ற இறக்க நேரத்தைப் பாத்துட்டுப் போவும். பத்து மணிக்கு எந்திரிச்சுப் போனா உமக்கு முன்னால போனவன் விட்ட பொடிதான் மிச்சம்.

அங்க லைட்னிங் வெல்க்குன்னு ஒரு சங்கு உண்டு. கூம்பை மேல பாத்துப் புடிச்சா, வாய் இடப்பக்கம் தெறந்திருக்கும். நம்ம கடல் சங்குக்கு வலப்பக்கம். நம்ம சங்குல எப்பவாவது ஒண்ணு இப்படி மாறிப் பொறந்தா, அதைத்தான் வலம்புரின்னு பூசையில வைக்கோம். அங்க அந்த சாதிக்கே பொறப்பு அப்படித்தான். அதைக் கொண்டாந்து வலம்புரின்னு விக்கிற புண்ணியவான்கள் நம்ம நாட்டுல உண்டு. நம்ம சங்குன்னா வாய்க்குள்ள நடுத்தண்டுல மூணு நாலு மடிப்பு தட்டுப்படும், வெல்க்குல அது கெடையாது. எங்க மதினி, அதான் உம்ம மாமியார், செவ்வாய் வெள்ளி பூ வச்சுக் கும்பிடுதாங்களே ஒரு சங்கு, அதுக்குள்ள ஒரு நாளைக்கு விரலை விட்டுப் பாரும். பாத்துட்டு வாயைத் தெறக்காதேயும். நான் சொன்னேன்னும் சொல்லாதேயும்.

எடுக்குறதுக்கு முன்னால உள்ள ஆள் குடியிருக்கான்னு திருப்பிப் பாக்கணும். உயிருள்ள சங்கு, நட்சத்திர மீன், சாண்ட் டாலர்னு சொல்லுற தட்டைக் கடல்பிராணி எதையும் எடுக்கக்கூடாது. எடுத்தா 500 டாலர் வரைக்கும் அபராதம், ஜெயிலுக்கும் சட்டத்துல எடம் உண்டு. மணல் டாலருக்கு ஆசைப்பட்டு மெய்யான டாலர் போவும். அதே மாதிரி மே முதல் அக்டோபர் வரைக்கும் கடலாமை முட்டையிடுற காலம். கடல் பாத்த சன்னல்ல ராத்திரி வெளிச்சம் தெரியக்கூடாது. குஞ்சு வெளிச்சத்தைக் கடல்னு நெனச்சு ரோட்டுக்கு வந்துரும். பேரப்புள்ளைக தோண்டுன குழியை மூடிட்டு வரணும். துட்டு அழுது கடல் பாத்த பால்கனி எடுத்து, இருட்டுல உக்காரப் போறீரு. சொல்லி வச்சேன்.

மத்தியில ஒரு பறவைச் சரணாலயம் இருக்கு. டிங் டார்லிங்னு ஒரு கேலிச்சித்திரக்காரர் பேரு வச்சிருக்கு. படம் போட்டே ரெண்டு தடவை புலிட்சர் வாங்கின மனுசன். ஊரைக் கேலி பண்ணினவன் பேருல காடு வச்ச ஊரு, அந்த ஒண்ணுக்கே எனக்குப் புடிச்சுப்போச்சு. கரண்டி மூக்கோட ரோஸ் கலர் நாரை வரும், பிளமிங்கோன்னு சொல்லி மானத்தை வாங்காதேயும். வெள்ளிக்கிழமை நல்ல நாளுன்னு போய் நிக்காதேயும், வண்டிப்பாதை அன்னைக்குப் பூட்டு.

அரிசி, பருப்பு, புளியை அக்கரையில இருக்க ஃபோர்ட் மையர்ஸ்லயே வாங்கிட்டுத் தீவுக்குள்ள போவும். வத்தல் தாளிக்கும்போது சன்னலைத் தெறந்து வையும். கடுகு வெடிச்சு வத்தல் கருகுன உடனே மோட்டுல இருக்க புகைமணி அலறும். மக நாற்காலி மேல ஏறித் துண்டை வீச, மருமவன் வாசலை ஆட்ட, குழம்பு அடிப்புடிச்சதை நான் பாத்திருக்கேன்.

ஊருக்குள்ள டிராபிக் லைட்டே கெடையாது, கூட்ட நேரத்துல போலீசுதான் கை காட்டும். அதனால சாயங்காலம் திரும்பாதேயும், காலையிலயே கிளம்பிரும். பாலத்துல சுங்கம் உள்ள போறவனுக்கு மட்டும்தான். வெளிய வர்றவன்கிட்ட காசு கேக்க மாட்டான், வரிசையில நிக்க வைப்பான்.